அணில் கட்டும் பாலம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதப்போய்த்தான் யோசித்தேன், உடம்பைப் பொறுத்தவரை நலம்தான், உன் அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, எனக்குச் சர்க்கரை கூடவும் இல்லை குறையவும் இல்லை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் உன் பெண் என் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அந்த வாலுவை வைத்துக்கொண்டு சொல்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ வேலைக்கென்று அங்கே போகும்போது அவளுக்கு வாங்கிக் கொடுத்தாயே, டிவியில் மாட்டுகிற அந்தக் கணக்கு விளையாட்டுப் பெட்டி, அதைப் பற்றித்தான். எனக்கு அதன்மேல் நம்பிக்கையே இல்லை, படிப்பும் விளையாட்டும் ஒன்றாக வரும் என்று விற்பதெல்லாம் கண்துடைப்பு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். ஆனால் வாலு அதில் ஒட்டிக்கொண்டுவிட்டாள். கணக்கைச் சரியாகப் போட்டால் ஓர் அணில் ஆற்றின்மேல் ஒரு பலகை வைத்துப் பாலம் கட்டும், தப்பாகப் போட்டால் தொபுக்கென்று தண்ணீரில் விழும், அடுத்த கணக்கு சரியாகும் வரை நனைந்துபோய்க் கரையில் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதுகுப் பையைக்கூடக் கழற்ற மாட்டாள். மாப்பிள்ளை இறந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த அணில் விழும்போதுதான்.

அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் பாலம் தானாக நீண்டிருக்கிறது. அணில் தூங்காம வேலை பாத்திருக்கு தாத்தா என்று குதித்தாள். மறுநாளும் நீண்டிருந்தது. நான் உன் அம்மாவைச் சந்தேகப்பட்டேன், ரிமோட்டையே தலைகீழாப் புடிக்கிறவ நான், எனக்கு எதுக்குங்க இந்தப் பழி என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதற்குள் கணக்குகள் கடினமாகிக்கொண்டே போயின. விரல்விட்டுக் கூட்டுகிற பிள்ளையிடம் பெருக்கல், வகுத்தல் எல்லாம் கேட்டது. எதைத் தொட்டாலும் அணில் விழுந்தது, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எல்லாம் மறந்துபோச்சு தாத்தா, நான் மக்காயிட்டேன் என்று சொல்லிப் பெட்டியைத் துண்டு போட்டு மூடிவிட்டாள். வகுப்பிலும் கையைத் தூக்குவதில்லை என்று டீச்சர் சொன்னார்.

பழுதாகிவிட்டது என்று டிவி ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, பழுதெல்லாம் இல்லீங்க, ஆடுற ஆளோட திறமைக்குத் தகுந்த மாதிரி இது தானா ஏறிட்டே போகும், யாரோ பெரியவங்க ஆடுறாங்க, இதே ஆட்டம் ஒரு போன்லயும் திறந்திருக்கு பாருங்க என்றார். அது உன் போன். அவள் எப்படிப் படிக்கிறாள் என்று பார்த்துக்கொள்ள நீ சேர்த்து வைத்தது.

எனக்குக் கோபம் வரவில்லை கண்ணு. மாப்பிள்ளை போனதிலிருந்து எனக்கு எதுவுமே வருவதில்லை. என் லிஃப்ட் மெக்கானிக் வேலையிலும் அப்படித்தான், போன வாரம் ஓர் ஆபீஸில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள் கத்துகிறார்கள், நான் மேலே மெஷின் ரூமில் அதைக் கையால் இறக்கப் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டிருக்கிறேன், சத்தம் காதில் விழுகிறது, மனசில் விழவில்லை. வேலையை மட்டும் கை பார்த்தது. நீயும் அங்கே அறைக்கு வந்து அப்படித்தான் ஒவ்வொரு பலகையாக வைத்துக்கொண்டிருந்திருப்பாய். பிள்ளையைத் தொட முடியாது, அவள் தொட்டதையாவது தொடலாம் என்று இருந்திருக்கும். அது எனக்குப் புரிகிறது.

அம்மாதான் கட்டினாள் என்று வாலுவிடம் சொன்னேன், சந்தோஷப்படுவாள் என்று நினைத்து. அப்ப அம்மா ஏன் தாத்தா என்னை விட்டுட்டு முன்னாடி முன்னாடி போயிட்டே இருக்கா என்று கேட்டாள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சு வலித்தது, பயப்படாதே, டாக்டரிடம் காட்டுகிற வலி இல்லை.

கடைக்காரரிடம் சொல்லி விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி மாற்றி வாங்கி வந்துவிட்டேன். நேற்று அவளே துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள், சில பலகைகள் வைத்தாள். அடுத்து நாலும் மூணும் எவ்வளவு என்று கேட்டது. அவளுக்குத் தெரியும், விரலை விரித்து எண்ணியும் பார்த்துவிட்டாள், ஆனால் பொத்தானை அழுத்தவில்லை, என்னையும் தொட விடவில்லை, இது அம்மாவுக்கு என்று அப்படியே விட்டு எழுந்துவிட்டாள். அதனால் நீ ஆடுவதை நிறுத்தாதே. அந்த ஒன்றை மட்டும் போடு, தப்பாகப் போடு. காலையில் அணில் நனைந்து உட்கார்ந்திருப்பதை அவள் பார்க்கட்டும், அம்மாவுக்கே தெரியல தாத்தா என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவளே திருத்தட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீ எங்கே இருந்தாலும் எங்கள் ஆசீர்வாதம் உன் கூடவே இருக்கும், நன்றாக இரு. ஞாபகம் இருக்கட்டும், கை பழக்கத்தில் ஏழு என்று போட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா