பழம் தின்ற வாஷிங் மெஷின்

அன்புள்ள ரியோஹேய் அண்ணாவுக்கு,

அப்பாவின் தலைமுடி, அம்மாவின் மணிக்கட்டு, வாஷிங் மெஷின் ஆகிய மூன்றும் நீங்கலாக இந்த வீட்டில் எல்லாரும் எல்லாமும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வயிறும் அதைவிடச் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்பது அம்மாவின் பிரார்த்தனை. கட்டுப் போட்ட கையால் பேனா பிடிக்க முடியாததால் அவள் சொல்லச் சொல்ல உன் தங்கை சிஹோ எழுதுகிறேன். "நான் சொல்றதை மட்டும் எழுதுடி, உன் கதையெல்லாம் நடுவுல சொருகாதே" என்று உத்தரவு. முயல்கிறேன். போனிலேயே பேசலாமே என்று நினைப்பாய். போனுக்குப் பக்கத்தில் அப்பா முட்டை வேகவைக்கிற மணல் கடிகாரத்தை வைத்துவிட்டார், மணல் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. போன தடவை நீ "புத்தாண்டுக்கு வரலைம்மா, டிக்கெட் ரொம்ப..." என்று இழுத்ததும், அப்பா குறுக்கே புகுந்து "சரிதான்டா, தெற்குக் கோடி நாஹாவிலேர்ந்து வடக்கே நோஷிரோவுக்கு ப்ளேன்ல வர்றதெல்லாம் வீண் செலவு" என்று தீர்ப்புச் சொன்னதும், மணல் தீர்ந்ததும் ஒரே சமயத்தில் நடந்தன. அன்று முதல் அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அதுவும் சிக்கனம்தானாம். நீ வருவாயா மாட்டாயா என்பதைத் தவிர இங்கே வேறு விஷயமே இல்லை.

பேச்சில்லாத வீட்டில் சோறு இறங்காமல் அப்பா ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, உன் டிக்கெட்டைத் தானே வாங்கப்போவதாகச் சொன்னார். பஸ் கம்பெனியில் குளிர்கால போனஸைப் பாதியாக வெட்டிவிட்டார்கள், அதனால் அந்தப் பணத்தை வீட்டுச் செலவிலிருந்துதான் சுரண்டி எடுக்கவேண்டும், அம்மாவிடம் மூச்சு விடாதே என்றார். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ள வெட்கம். மறுநாளே ஆரம்பித்துவிட்டார். மண்ணெண்ணெய் ஹீட்டர் ராத்திரிச் சாப்பாட்டோடு அணைந்துவிடும். அதற்குப் பிறகு மூன்று பேரும், அடியில் மட்டும் சூடு வரும் கொதாட்சு மேசையின் போர்வைக்குள் கால் நீட்டிக் கிடக்கிறோம், அந்தச் சூட்டில் பெரும்பங்கு அப்பாவின் சாக்ஸுக்கே போகிறது. பள்ளி விட்டதும் நான் நூலகத்துக்குப் போய்விடுவேன், அங்கே ஹீட்டர் இலவசம். இதைக் கண்டுபிடித்துவிட்டு லீவு நாளில் அப்பாவும் வந்து, விவசாயக் கலைக்களஞ்சியத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குறட்டை விட்டார். நூலகர் அம்மாள் என்னிடம் வந்து "இவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சலூன் செலவையும் நிறுத்தியாயிற்று. முடி வெட்டும் முறை பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்து நானே வெட்டினேன். படங்கள் தெளிவாகத்தான் இருந்தன, தலைதான் அசைந்தது. டிரைவர் தொப்பியை அவர் இப்போது வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை.

அம்மாவின் கை விஷயத்தை எழுத வேண்டாம் என்கிறாள், ஆனால் நீ கேட்பாய். சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைச் சீட்டு ஒட்டுகிற ஆள் கிளம்பும் நேரத்துக்கு ஓடிப் போய், பொரித்த கானாங்கெளுத்தியை வென்று, திரும்பும்போது பனிக்கட்டியில் வழுக்கிவிட்டாள். விழும்போதும் பையை மேலே தூக்கிப் பிடித்திருந்ததால்தான் முழு எடையும் ஒரே கையில் இறங்கியது. எலும்பு முறியவில்லை, பிசகல்தான். அப்பா ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி "மீனு உடையலியே?" அத்தனை நாள் மௌனம் அங்கே கலைந்தது. "உங்க தலையில போட்டு உடைக்கிறேன் வாங்க!" என்ற சத்தம் எதிர் கடைவரை கேட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த காசில் முழு விலைக்கே பத்து மீன் வாங்கியிருக்கலாம் என்று நான் கணக்குச் சொன்னேன். இரண்டு பேருமே என்னை முறைத்தார்கள், அதில் மட்டும் ஒற்றுமை.

இனி மெஷின் கதை. குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளன்று வழக்கப்படி குளியல் தொட்டியில் போடச் சொல்லி எதிர்வீட்டு குடோ அத்தை, எலுமிச்சைக்கு அக்கா மாதிரியான யுஸுப் பழங்கள் கொடுத்தாள். வழக்கமாக அம்மா அவற்றைப் பழைய ஸ்டாக்கிங்ஸுக்குள் போட்டு முடிச்சிட்டுத்தான் மிதக்கவிடுவாள். இந்த வருஷம் அம்மாவுக்குக் கை சரியில்லை என்று அப்பாவே முன்வந்தார். "இன்னும் போட்டுக்கிற மாதிரி இருக்கிற ஸ்டாக்கிங்ஸைப் பழத்துக்கா மாட்டுவாங்க?" என்று அதை எடுத்து வைத்துவிட்டு, வாசனை வீணாகக்கூடாது என்று பழங்களைப் பாதியாக நறுக்கி அப்படியே கொட்டினார். குளியல் என்னவோ சொர்க்கம். அப்பா, அம்மா, நான் என்று ஒரே தண்ணீரில் வரிசையாக இறங்கி எழுவதற்குள் சதையெல்லாம் கரைந்துவிட்டது. காலையில் அந்தத் தண்ணீரைத்தான் வழக்கம்போலக் குழாய் போட்டு வாஷிங் மெஷினுக்கு உறிஞ்சவிட்டார். மெஷின் முதலில் விக்கியது, பிறகு அழுதது, பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ரிப்பேர்காரர் பின்பக்கத்தைத் திறந்து கைநிறைய விதையை அள்ளிக் காட்டி, "இதுல துணி துவைச்சீங்களா, ஜாம் காய்ச்சினீங்களா?" என்று கேட்டார். கெட்டுப்போனதை மாற்ற அவர் சொன்ன தொகை, அப்பா சேர்த்து வைத்திருந்த தொகைக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

அப்பா தொப்பியோடு கொதாட்சுவில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் உன் டிக்கெட் விஷயத்தை அம்மாவிடம் நான் போட்டு உடைத்தேன். அப்பாவின் பேச்சை மீறியதற்கு எனக்கு வருத்தம் இல்லை. அம்மா அவர் பக்கம் திரும்பி, "வீண் செலவுன்னு சொன்ன வாய் எதுங்க அப்போ?" என்றாள். "அது வேற வாய்" என்று சொல்லிவிட்டு அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ரிப்பேர் கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்தோம். பனியை உதறிக்கொண்டு திரும்பி வந்தவர் டிக்கெட்டை மேசையில் வைத்து, "மெஷினு எங்கேயும் ஓடிடாது. பையன்தான் ஓடிட்டான்" என்றார். அம்மா ஹீட்டரைப் போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் அப்பாவுக்கு ஒரு பீர் திறந்தாள்.

அதிலிருந்து அப்பா பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குளியல் தொட்டியில் இறங்கித் துணிகளை மிதிக்கிறார். எத்தனை அலசியும் யுஸு வாசனை போகவில்லை. பஸ்ஸில் ஏறும் பாட்டிமார்கள் "டிரைவர் தம்பி, என்ன சென்ட்டுப்பா இது?" என்று கேட்கிறார்களாம். அவர் பெருமையோடுதான் சொன்னார்.

டிக்கெட் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது, முப்பதாம் தேதிக்கு. திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாமா என்று யோசிக்காதே, அந்தப் புத்தி உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். வெறும் முளைகட்டிய பயறைத் தின்றே மாதத்தை ஓட்டுவதை நிறுத்து, முட்டையாவது சேர்த்துக்கொள் என்கிறாள் அம்மா. நாஹாவில் இன்னும் அரைக்கைச் சட்டைதான் என்று பீற்றிக்கொண்டாயே, இங்கே கோட்டு இல்லாமல் வந்து இறங்காதே. மீனும் சூடும் குறையாமல் நீண்ட நாள் நன்றாக இரு என்று இருவரும் ஆசீர்வதிக்கிறார்கள். அப்பாவுடையதை இரண்டே சொல்லில் வாங்கினேன்: "வரச் சொல்லு." கடைசி வரியை மட்டும் தானே எழுதவேண்டும் என்று அம்மா பேனாவைப் பிடுங்குகிறாள்.

இப்படிக்கு,
அம்மாவுக்காக, சிஹோ

ரியோ, இது என் இடது கை எழுத்து, சிரிக்காதே. அழுக்குத் துணியை மூட்டை கட்டிக் கொண்டுவராதே. கொண்டுவந்தால் அப்பாவோடு நீயும் தொட்டியில் இறங்கி மிதிக்கவேண்டும். சரி, கொண்டு வா.

அம்மா