தலைமன்னாரில் ஒரு முகம்

2031 பெப்ரவரி 3, திங்கள்

சிவக்கொழுந்தம்மா இன்றும் அடம்பனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். காணாமல் போனவர்களைத் தேடும் எங்கள் கந்தோருக்கு மாதம் தவறாமல் வருபவர். மகன் பார்த்தீபன் 2009இல் கடைசிப் போரின்போது மாத்தளனில் காணாமல் போனபோது வயது பத்தொன்பது. புதிதாக வந்த மென்பொருளில் அவன் அடையாள அட்டைப் படத்தைப் போட்டேன். அந்த முகத்துக்கு இருபத்திரண்டு வயதைக் கூட்டிக் காட்டியது.

அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். "தேப்பன்ர நெத்தி," என்றார்.

பெப்ரவரி 11

கிடைத்துவிட்டது! தலைமன்னார் கப்பல் துறைக் கமராவில் ஒரு மனிதன். மென்பொருள் காட்டிய முகத்தோடு தொண்ணூற்று நான்கு வீதம் ஒத்துப்போகிறது. கையில் படகு எஞ்சினின் காற்றாடி. "ஆறு வருச விசாரணையில உயிரோட ஒருத்தர், வேணுஜா!" என்றார் எங்கள் பொறுப்பதிகாரி பவ்ஸான் சேர். அம்மாவுக்குச் சொல்ல முன்னர் நானே போய்ப் பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 13

எஞ்சின் திருத்தும் இடங்களாகத் தேடிப் போனேன். மூன்றாவது கொட்டிலில் குனிந்து நின்றவரைப் பின்னாலிருந்து "பார்த்தீபன்" என்று கூப்பிட்டேன். ஸ்பானரோடு கை அப்படியே நின்றது.

இங்கே அவர் பெயர் சிங்கராசா. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள்.

"அம்மாவைக் காயத்தோட செஞ்சிலுவைக் கப்பல்ல ஏத்தினவை. தம்பியை என்ர கையிலதான் பிடிச்சுத் தந்தவ. ஷெல் விழேக்க கையை விட்டிட்டு ஓடினனான். திரும்பிக்கூடப் பாக்கேல்ல. அவனுக்குப் பதினொரு வயசு. எந்த முகத்தோட அவவிட்டப் போறது?"

ஒரு மாதம் கேட்டார். தானே போவாராம். அதுவரை படமோ பெயரோ வெளியே போகக்கூடாது. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

பெப்ரவரி 24

உதவி தரும் நிறுவனத்தார் கொழும்பிலிருந்து வந்தார்கள். "ஒரு உதாரணமாவது காட்டோணும். இல்லாட்டி இந்தக் கந்தோரை மூடிப்போடுவினம்," என்றார் சேர். பெயரை மறைத்து, பழைய முகத்தையும் கமரா முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வேறு உதாரணம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கை தட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெயர் வரவில்லையே. சத்தியம் மீறியதாகுமா?

பெப்ரவரி 26

யாரோ போனில் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். எல்லா இடமும் அவர் முகம். பேரை மறைச்சனானாம்! முகத்தைக் காட்டிப்போட்டுப் பேரை மறைச்சு என்ன பிரயோசனம்? விசரி. படிச்ச விசரி.

பெப்ரவரி 27

தலைமன்னாரில் அவர் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு பெற்றிசியா அக்கா சொன்னார்: "கமராக்களோட ஆக்கள் வந்து நிண்டவை. நேற்றுப் பின்னேரம் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போட்டினம். எங்கையெண்டு சொல்லேல்ல. மூத்தவளுக்குப் பள்ளிக்கூடச் சோதினை வேற."

நான் யாரென்று அவருக்குத் தெரியாது. வெயிலில் வந்த பிள்ளை என்று தேத்தண்ணீர் தந்தார். வாங்கிக் குடித்தேன்.

மார்ச் 1

சிவக்கொழுந்தம்மா மூன்று தரம் போன் எடுத்தார். நான் எடுக்கவில்லை.

மார்ச் 3

அடம்பனுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், தம்பியின் கையை விட்டதாகப் பார்த்தீபன் சொன்னதையும். வாசல் படியில் இருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எனக்குத் தெரியும் பிள்ளை. கண்ட சனம் முகாமிலயே வந்து சொன்னது. நிண்டிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பாங்கள். அதைச் சொல்லத்தானே இவ்வளவு காலமும் அவனைத் தேடினனான்."

பிறகு, குரலை உயர்த்தாமல்: "என்னட்ட முதல் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். பதினோராம் திகதியே கேட்டிருக்கலாம். உறுதிப்படுத்தாமல் ஆசை காட்டக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். முதலில் கண்டவள் நானாக இருக்க வேண்டும் — அதுதானே உண்மை?

மார்ச் 4

அம்மாவைத் தலைமன்னாருக்குக் கூட்டிப்போனேன். பூட்டிய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் போன் நம்பரைப் பெற்றிசியா அக்காவிடம் எழுதிக் கொடுத்தார். "கதைச்சா சொல்லுங்கோ, அம்மாவுக்கு எல்லாம் தெரியுமாம், கோவமில்லையாம் எண்டு."

படத்தைக் காட்டியது நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை.

மார்ச் 10

நாடு முழுவதுமுள்ள கமராக்களில் தேடினால் இரண்டு நாளில் பிடிக்கலாம் என்கிறார் சேர். மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். பார்த்தீபனின் பதிவுகள் அடங்கிய கோவையை அழிக்கச் சொல்லி அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கி வைத்தேன்.

ஏப்ரல் 22

அம்மா வந்தார். கதிரையில் இருக்க முன்னமே சொன்னார்: "பேத்தி கதைச்சவள்! 'அப்பம்மா, சாப்பிட்டனீங்களோ' எண்டு கேட்டவள். தேப்பன் பக்கத்தில நிண்டு அழுறது கேட்டது. கதைக்கேல்ல."

போனை நீட்டினார். "இதுதான் நம்பர். எந்த ஊரெண்டு பாத்துச் சொல்லுவீங்களோ பிள்ளை?"

ஒரு நிமிட வேலை. போனைக் கவிழ்த்து அவர் கையிலேயே வைத்தேன்.

"அவரே சொல்லட்டும் அம்மா."

 அம்மா போனைப் பையில் வைத்தார். "ஓம். ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கிறன் எண்டவள்," என்றபடி பஸ்ஸுக்கு எழும்பினார்.