சல்மா ராத்தாவின் ஊற்றுத் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, இஷா தொழுத பிறகு.

இன்று சல்மா ராத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

எங்கள் வீடு மேட்டில். அவருடைய வீடும் ஊற்றும் கீழே பள்ளத்தில். பெருநாளுக்கு நாங்கள் புதிய கக்கூஸ் குழி வெட்டியதிலிருந்து ஊற்றுத் தண்ணீர் நாறுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். போன வாரம் அவருடைய வாசலில் நின்று நான்தான் கேலி செய்தேன்.

"அது ஒங்கட கருவாட்டு வாசம் ராத்தா. குழித் தண்ணி மண்ணுக்குள்ள போனா போனதுதான். வேணுமெண்டா பாய்க்குப் போடுற செவப்புச் சாயத்தக் குழியில கொட்டுறேன். ஒங்கட ஊத்துல வந்தா நானே ஒரு கோப்பை குடிக்கிறேன்."

அங்கிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் குஷியில் சாயத்தையும் கொட்டிவிட்டேன். பிறகு மூன்று நாள் விடாத மழை.

இன்று அஸருக்கு முன் ராத்தா ஆளனுப்பிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஊற்று ரோசாப்பூ நிறத்தில் இருந்தது. கோப்பையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"பெருநாளையிலிருந்து இதுலதானே தம்பி கைகால் கழுவி உளூ எடுத்துத் தொழுதேன். அந்தத் தொழுகையெல்லாம் கூடுமா, செல்லாமப் போயிருமா?"

"மௌலவிக்கிட்டக் கேட்டுச் சொல்றேன் ராத்தா" என்றேன். மௌலவியிடம் என்னவென்று போய்ச் சொல்லிக் கேட்பேன்?

குழியை மாற்ற நாளைக்குக் கொத்துவேலை மேசன் பாஸ் வருவார். மஃரிபுக்குப் பிறகு எங்கள் குழாய்த் தண்ணீரை இரண்டு கேன்களில் கொண்டுபோய் ராத்தாவின் படியில் வைத்தேன். உள்ளே அவர் இருமுவது கேட்டது. கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன்.