இடது தோளுக்குப் பின்னால்

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே அப்பா சுகம், தம்பி சுகம், நானும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம், இந்த முறை அந்தக் கடைசி ஆளைப் பற்றித்தான் கடிதமே. தம்பி இதைப் படம் பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்புவான், அவர் அச்செடுத்து உன் கையில் கொடுப்பார். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கார் பிரேக்கில் எந்தக் கோளாறும் இல்லை. பார்ட்ஸ் வரவில்லை என்று நாலு நாளாக மாப்பிள்ளை சொல்வது நான் சொல்லிக்கொடுத்த பொய், அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவே வராது, அதனால் அவரோடு மல்லுக்கு நிற்காதே. சாவியை வாங்கி ஒளித்து வைக்கச் சொன்னது நான். டாக்டரைப் பார்த்து அவர் சரி என்று சொல்கிற வரைக்கும் நீ வண்டி ஓட்டக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை படி.

எங்கள் சட்டைக் கம்பெனியில் பட்டன் ஓட்டை போடுகிற காஜா மிஷினில் நான் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கட்டுத் துணியிலும் அதை முடித்தவளின் நம்பர் சீட்டு இருக்கும், தப்பு வந்தால் யார் தப்பு என்று தெரிவதற்காக. மூன்று மாசத்துக்கு முன்னால் செக்கிங் செய்கிற அக்கா ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, இது யாரு கைவேலை என்று கேட்டார். சட்டையின் முதுகில், காலருக்குக் கீழே இருந்து இடுப்பு வரை, வரிசையாக ஏழு காஜா. அளவு எடுத்து வைத்த மாதிரி ஒரே இடைவெளி, ஒரு நூல் பிசிறவில்லை. முதுகில் பட்டன் போட்டுக்கொள்கிற மகராசன் எவனோ ஆர்டர் கொடுத்திருக்கிறான் என்று முதலில் சிரித்தவளே நான்தான். சீட்டைப் பார்த்தால் என் நம்பர். எவளோ சீட்டை மாற்றிவிட்டாள் என்று நான் போட்ட சத்தத்தில் ஹாலே நின்றது. அடுத்த வாரம் இரண்டு சட்டை. அதற்கு அப்புறம் சீட்டையெல்லாம் என் பையிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். அப்படியும் ஒரு நாள் மத்தியானம் குனிந்து பார்க்கிறேன், முதுகில் மூன்று காஜா போட்ட சட்டை என் கையில் இருக்கிறது, நாலாவதுக்கு மிஷினுக்குள் பாதி போயிருக்கிறது.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. லிஃப்ட் சட்டென்று இறங்கும்போது வயிற்றில் ஒன்று எழும்புமே, அது எழும்பும். ரப்பர் கருகுகிற வாடை வரும். பிறகு என் இடது தோளுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பார். பார்த்ததில்லை, மூச்சுச் சத்தம் கிடையாது, ஆனால் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்த நிமிஷம் இதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது என்றும் தெரியும். திரும்பினால் சுவர்தான் இருக்கும், கடிகாரம் மட்டும் இரண்டு நிமிஷம் தள்ளிப் போயிருக்கும். வீட்டிலும் அப்படி நடந்தது. கருகுகிற வாடையைப் பற்றி மட்டும் அப்பாவிடம் சொன்னேன், அவர் எல்லா சுவிட்சையும் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காத கோபத்தில் வாசல் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார். வாடைக்கும் தாழ்ப்பாளுக்கும் என்ன சம்பந்தம் என்று உன் அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து மிஷின்காரியை நாங்கள் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம், வாய் ஓயாது. அவள் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் என்னைத் தனியாகக் கூட்டிப் போய், கோவிச்சுக்காதீங்கக்கா, இதை நீங்க பாக்கணும் என்று செல்போனை நீட்டினாள். போனில் நான் இருந்தேன். கண் திறந்திருந்தது. வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றுகொண்டிருந்தேன். கை தன் பாட்டுக்குச் சட்டையைத் தள்ளுகிறது, கால் மிதிக்கிறது, மிஷின் கத்தி இறங்குகிறது, விரலுக்கு மயிரிழை தள்ளி. அக்கா அக்கா என்று ரேடியோ கூப்பிடுவது கேட்கிறது, எனக்குக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. அப்புறம் மெதுவாக இடப்பக்கம் தலையைத் திருப்பி, காலி இடத்தைப் பார்த்துச் சிரித்தேன்டி. சிரித்துவிட்டு, யாரோ உட்கார வருகிற மாதிரி, பெஞ்சில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டேன். எனக்கு அதில் ஒரு துளி ஞாபகம் இல்லை. அந்தச் சிரிப்பை மட்டும் முன்பே எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

தம்பி என்னை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனான். உன் வயசுப் பெண்தான், அந்தப் படத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு வலிப்பு மாதிரி இருக்கிறது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது, நான் விழுந்தேனா, நுரை தள்ளினேனா என்று சண்டைக்குப் போனேன். விழுறது மட்டும் வலிப்பு இல்லம்மா என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். கம்பெனியில் மெயின் சுவிட்ச் போனால் ஹால் முழுக்க நிற்கும், மூளை முழுவதும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டால் அப்படித்தான் ஆள் விறைத்து விழுந்து வெட்டி இழுக்கும். ஒரே ஒரு மிஷினில் கோளாறு என்றால் அது மட்டும் தானாக ஓடும், பக்கத்தில் இருக்கிறவளுக்குக்கூடத் தெரியாது, எனக்கு வருவது அந்த ஜாதி. வாடை, பயம், பின்னால் ஆள் நிற்கிற நினைப்பு, எல்லாமே மூளையின் ஒரு மூலையில் கிளம்புவதாம். சில பிள்ளைகளுக்குப் பத்து விநாடி கண் நிலைகுத்தி நிற்கும், அவ்வளவுதான், டீச்சர்கள் பராக்குப் பார்க்கிறாள் என்று திட்டுவார்களாம். சிலருக்குக் காலையில் எழுந்ததும் கை தூக்கிப்போட்டு டம்ளர் நழுவும். தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள், கட்டி கிட்டி ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் மாத்திரை, நாமாக நிறுத்தக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது, அப்பாவின் புதுத் தாழ்ப்பாள் வாசலில் இருப்பதால் தப்பித்தது. இப்போது சட்டை மடிக்கிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள், கத்தியும் இல்லை, சூடும் இல்லை. எனக்கு அந்த மாதிரி வந்தால் பிடித்து உலுக்காமல் கூடவே நின்று நேரம் பார்க்க வேண்டும் என்றும், விழுந்து வெட்டினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயில் கரண்டி கிரண்டி எதையும் திணிக்கக் கூடாது என்றும், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்றும் டாக்டர் ரேடியோவிடமே போனில் சொன்னார், அவள் அன்றைக்கே கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டாள். வந்து நிற்கிறவர் முன்பு மாதிரி இல்லை, மாசத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார்.

அந்தச் சிரிப்பை எங்கே பார்த்தேன் என்பது மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உனக்கு ஒன்பது வயசு. சமையலறை மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். அம்மா, பின்னாடி யாரோ நிக்கிறாங்க என்றாய். நான் திரும்பிப் பார்த்தபோது வெறும் வாயை மென்றபடி காலி இடத்தைப் பார்த்துச் சிரித்து, பெஞ்சில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாய். பயந்துபோய் உன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன், இனிமேல் இப்படி நடித்தால் தோலை உரிப்பேன் என்றேன். அதற்குப் பிறகு நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போய்விட்டது என்று இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது போகவில்லை, நீ சொல்வதைத்தான் நிறுத்தியிருக்கிறாய். அடித்த கைக்கு என்ன சமாதானம் சொல்வது கண்ணு, அம்மாவை மன்னித்துவிடு. உனக்கும் அதுதான் என்று டாக்டர் சொல்லவில்லை, சில வகை குடும்பத்தில் வரலாம், பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். அதுதான் என்று சொல்வது நான்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகும்போது கூப்பிட்டாயே, உன்கிட்ட ஒன்று சொல்லணும், வண்டியை ஓரமாக நிறுத்து என்றேன். பரவால்லம்மா சொல்லு, கேக்குது என்றாய். எனக்கு வந்த வியாதி, உன் ஒன்பது வயசு, வண்டி ஓட்டாதே என்று ஒரே மூச்சில் முழுவதும் சொல்லி முடித்தேன். பதிலுக்கு வெறும் வாயை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டிலிருந்து குட்டி, அம்மா சிவப்பு, அம்மா சிவப்பு என்றது. சுற்றிலும் ஹாரன் சத்தம் எழும்பி அடங்கியது. பிறகு நீ சாதாரணமாக, என்னமோ சொல்லணும்னியே, சொல்லும்மா என்றாய். வண்டியில் இருக்கிறவளைத் திடுக்கிட வைக்க எனக்குத் தைரியம் இல்லை, ஒண்ணுமில்ல, பாத்துப் போ என்றேன். நீ போனை வைத்த கையோடு மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

நீ நூறு வயசு நன்றாக இருப்பாய், மாத்திரை என்றால் மாத்திரை, அம்மாவும் கூடச் சேர்ந்துதான் போட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. டாக்டரிடம் போவதற்கு முன்னால் குட்டியை மடியில் உட்காரவைத்து, மிரட்டாமல் கேள், இதுவரை எத்தனை தடவை பின்னால் இருந்து சிவப்பு என்று கத்தியிருக்கிறாள் என்று.

இப்படிக்கு,
உன்னை அன்று நம்பாத, இன்று நம்புகிற
அம்மா