பதினான்கு மாடியும் ஒரு மலையும்

மார்ச் 3

கண்ணாடிக்காரிக்கு,

நலம்தானே? பல்வலி ஒன்றைத் தவிர நானும் நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை மூண்டுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

"அப்பா, அம்மா மலையேறப் போறாங்களாம், தெரியுமா?" என்று மகள் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நாம் தனித்தனி ஊரில் இருக்க ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. நாற்காலியில் ஏறி பல்பு மாட்டவே பயப்படுகிறவள் நீ. எந்த மலை? எத்தனை நாள்? யாருடன்? பை எத்தனை கிலோ? ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் ஆளைச் சொல்லிவிட்டு எடையைச் சொல்லாமல் விட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. தடுப்பதற்காகக் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

லிஃப்ட்காரன்

மார்ச் 11

லிஃப்ட்காரருக்கு,

முதலில் அந்தப் பல்லை டாக்டரிடம் காட்டுங்கள். கிராம்பை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டாதீர்கள்.

நான் லென்ஸ் தீட்டும் மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல். ஜன்னல் நிறைய அந்த மலை. நாள் முழுக்க ஊரார் பார்வையைச் சரிசெய்கிறேன், அந்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கடையில் விசாரித்தேன். முதலாளி, "ஏரி இருக்கு" என்றார். கேஷியர், "இன்னொரு மலைதான் இருக்கும்" என்றாள். பார்சல் கொண்டுவருகிறவர், "நம்ம ஊரு மாதிரியே ஒரு ஊரு, அங்கயும் ஒரு கண்ணாடிக்கடை" என்று சிரிக்கிறார். மூன்று பேரும் போனதே இல்லை. எனக்கு மண்டை குடைகிறது.

வழி இரண்டு இருக்கிறதாம். காலையில் ஏறி மாலையில் வந்த வழியே திரும்புவது ஒன்று. மற்றது நான்கு நாள், கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கலாம். நீளமானதையே எடுத்திருக்கிறேன். ஏப்ரல் இருபது புறப்பாடு. பை ஒன்பது கிலோ. இரண்டு பேருக்கு ஒரு கூடாரம் என்பதால் ஜோடியாகத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். கூட வருவதாக இருந்த கேஷியர், அட்டை கடிக்கும் என்றதும் கழன்றுகொண்டாள். செய்தியைச் சொன்னேன், அவ்வளவுதான். உங்களைக் கூப்பிடவில்லை.

கண்ணாடிக்காரி

மார்ச் 19

கண்ணாடிக்காரிக்கு,

நீ கூப்பிடவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் எனக்கு ஒரு மாத வேலை. படி சும்மாதானே கிடக்கிறது என்று ஏற ஆரம்பித்தேன். லிஃப்டில் ஆட்களை விடுவதற்கு முன்னால் இரும்புக் கட்டிகளை ஏற்றி ஓட்டிப் பார்ப்போமே, அதில் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பத்து கிலோ. முதல் நாள் ஆறாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறை வரை ஒரே மூச்சு. மூன்றாம் மாடி அம்மா செக்ரட்டரியிடம் புகார் கொடுத்திருக்கிறார்: "மெக்கானிக்கே படியில போறாரு, அப்ப இந்த லிஃப்ட நம்பி எப்படிங்க ஏறுறது?"

ஷூ வாங்கினேன். மலைக்கு அரை சைஸ் பெரிதாக இருக்க வேண்டுமாம். பல்லைக் காட்டி அடைத்தாயிற்று. இரண்டாவது ஆள் கிடைத்தாரா? அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று எனக்கும் குடைய ஆரம்பித்துவிட்டது.

லிஃப்ட்காரன்

மார்ச் 27

லிஃப்ட்காரருக்கு,

ஆள் கிடைக்கவில்லை. வாருங்கள்.

புது ஷூவோடு நேராக மலைக்குப் போனால் கால் கொப்பளித்துவிடும். நான் மலை ஷூவைப் போட்டுக்கொண்டுதான் லென்ஸ் தீட்டுகிறேன். முதலாளி என் காலைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை. வேலை போனதை மறைத்து நான்கு மாதம் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போனீர்கள். பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வேலை போனதற்கு நான் கோபப்படவில்லை. முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மலையில் அந்த வார்த்தை கூடாது. வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். முடியுமா?

கண்ணாடிக்காரி

ஏப்ரல் 8

கண்ணாடிக்காரிக்கு,

முடியும் என்று காட்ட இவ்வளவு சீக்கிரம் வேளை வரும் என்று நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் குன்றுக்கு ஒத்திகைக்குப் போனேன். பையோடு சிட்டாக ஏறினேன். இறங்கும்போது பாதி வழியில் முழங்கால் வெடவெடத்தது. பிறகு ஒரு கல்லில் கால் பிசகி, மடக்கவே முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் ஏறியதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு இறங்கினேன். பேண்ட் போயிற்று. டாக்டர், "எறங்கிப் பழகுனீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாகத் தினம் மூன்று முறை பதினான்கு மாடி ஏறியிருக்கிறேன், ஒரு முறைகூடப் படியில் இறங்கவில்லை. உச்சிக்குப் போனதும் பொத்தானை அழுத்தி லிஃப்டில் கீழே வந்துவிடுவேன். முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது.

ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். ஆறு வாரம் ஏற்றம் இறக்கம் கூடாது. நான் வர முடியாது. அவசர வேலை வந்துவிட்டது என்று முதலில் ஒரு கடிதம் எழுதி உறையையும் ஒட்டிவிட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். வலிக்கிறது. முழங்கால் மட்டும் இல்லை. உன்னோடு வர ரொம்ப ஆசைப்பட்டேன். வேறு ஆளைப் பார்.

லிஃப்ட்காரன்

ஏப்ரல் 14

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் படித்துச் சிரித்த சிரிப்பில் ஒரு லென்ஸ் பாழ். முதலாளி என்னவென்று கேட்டார். சொன்னேன், அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கிழித்த கடிதத்தைப் பற்றிய வரிக்கு வந்ததும் அழுதுவிட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் நான் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டேன்.

பயணத்தைத் தள்ளிப்போடப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜோடியாக ஒரு பள்ளி ஆசிரியை கிடைத்திருக்கிறார். குறட்டை விடுவாராம், முன்கூட்டியே சொல்லிவிட்டார். நல்ல மனுஷி.

வழிகாட்டியிடம் விசாரித்தேன். மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துக்கு ஒரு பஸ் போகிறதாம். உங்கள் ஊரிலிருந்து ஏழு மணி நேரம். பாதை முடிகிற இடத்தில் நிழற்குடை உண்டு, பெஞ்சில் காலை நீட்டிக்கொள்ளலாம். இருபத்து மூன்றாம் தேதி மாலை நான்கு மணிவாக்கில் நாங்கள் அங்கே இறங்குவோம். எனக்கு முன்னாலேயே நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவீர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். பரவாயில்லை, வாருங்கள்.

வருவதற்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். திரும்புவது எந்த ஊருக்கு என்று அங்கே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

கண்ணாடிக்காரி