வாபஸ் வாங்காத வேலம்மாள்

ஞாயிறு, ராத்திரி.

படுத்தும் தூக்கம் வரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் கரிசல் பக்கம் சட்டசபைத் தேர்தலுக்கு மனு கொடுத்த பெண்களைத் தேடி இரண்டு வருஷமாக அலைகிறேன். அதில் ஒருவர் சுயேச்சை வேலம்மாள். இன்று கோவில்பட்டியில் பஸ் ஏறி, நாகலாபுரத்தில் அவருடைய மகனைப் பார்த்துவிட்டேன்.

மகனுக்கே எழுபது தாண்டிவிட்டது. பருத்திக் காட்டில் நின்றபடியே அம்மாவையும் அப்பாவையும் பற்றிப் பேசினார். "அம்மா மனு கொடுத்தது நிசந்தான் டீச்சர். எங்கய்யா ஒரு சத்தம் போட்டதும் பயந்து வாபஸ் வாங்கிட்டாவ. அதைச் சொல்லிச் சொல்லியே எங்கய்யா சாகுற வரைக்கும் கேலி பண்ணுவாரு."

பையிலிருந்த பழைய தேர்தல் முடிவின் நகலை நீட்டினேன். "வாபஸ் வாங்கலை அண்ணாச்சி. கடைசி வரை நின்னிருக்காவ. இங்கன பாருங்க, பேரும் ஓட்டும் இருக்கு."

எழுத்துக் கூட்டி வாசித்தவர், வரப்பில் ஏறி மனைவியைப் பார்த்துக் கத்தினார். "ஏட்டி, இங்கன வா! எங்கம்மா பயப்படலைட்டி!"

அந்த அம்மாள் ஓடிவந்து தாளைப் பார்த்தாள். "கடைசியால்லா வந்திருக்காவ?"

"வந்தா என்ன?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "டீச்சர், இதுல ஒரு ஓட்டு எங்கய்யா போட்டிருப்பாரோ?"

மூன்று பேரும் அந்த வெயிலில் நின்று வெகுநேரம் சிரித்தோம்.