காணாமல் போன நான்கு வோல்ட்

நாளைக்குத் தைப்பூசம். காவடியில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தூசி கருகும் வாடை, இடது பக்கம் மயிலிறகுகளுக்குப் பின்னாலிருந்து. உடனே உன்மேல்தான் சந்தேகம் வந்தது, நண்பா. நீ செத்த பிறகு வருகிற முதல் தைப்பூசம் இது. உன்னைத் தவிர வேறு யார் அதில் கை வைத்தார்கள்?

போர்ட் கிள்ளானில் நாம் இருவரும் ஒரே கிடங்கில் வயர்மேன்கள். நீ ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் என் மனைவி நோயில் படுத்து நான் காவடி நேர்ந்துகொண்டபோது, "லைட்டு வேலை என்னுது" என்று நீயாகவே வந்து நின்றாய். முதல் வருடம் காவடி பளீரென்று எரிந்தது. பத்துமலைப் படிகளில் பாதி ஏறுவதற்குள் பேட்டரி தீர்ந்து எல்லாப் பல்புகளும் அணைந்துவிட்டன. மீதிப் படிகளை அணைந்த காவடியோடு ஏறினேன். அவளைப் பிழைக்கவைக்க முடியாது என்று முருகன் சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுவருடமும் அதே பேட்டரி. ஆனால் கடைசிப் படிவரை விளக்கு அணையவில்லை, வெளிச்சம்தான் அழுது வடிந்தது. அந்தக் கிறிஸ்மஸுக்கு உங்கள் கோயில் குடிலில் நீ போட்ட விளக்குகளோ கண்ணைப் பறித்தன. எனக்கு வயிறெரிந்தது.

"ஏன்டா, நல்ல பல்பெல்லாம் உன் கோயிலுக்கு, மட்டமானது என் காவடிக்கா?"

"சும்மா இரு லா. எல்லாம் ஒரே கடை சாமான்தான்."

"அப்ப மீட்டர் வெச்சுப் பார்த்துடுவோம்."

"நேர்த்திக்கடன்ல மீட்டர் வைக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்டா" என்று மீட்டரைப் பிடுங்கி உன் பைக்குள் போட்டுக்கொண்டாய்.

என் மனைவி தேறி எழுந்தாள். நான் வருடா வருடம் காவடி எடுத்தேன். விளக்கை நீயே கட்டினாய், நீயே சரிபார்த்தாய், யாரையும் பின்பக்கம் விடவில்லை. என் சந்தேகமும் போகவில்லை.

இன்று தடுக்க நீ இல்லை. மீட்டரை எடுத்தேன். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட். பல்புகளில் எட்டு வோல்ட்தான். நடுவில் நான்கு வோல்ட்டை ஏதோ விழுங்குகிறது. ஓடுகிற மின்னோட்டம் ஒரு ஆம்பியர். நான்கை ஒன்றால் வகுத்தால் மின்தடை நான்கு ஓம். இவ்வளவு குட்டை வயருக்கு அத்தனை தடை வரவே வராது. மயிலிறகை விலக்கினேன். என் தோளில் படாதபடி சட்டத்தின் வெளிப்பக்கமாகக் கட்டியிருந்தாய், வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்றை. தொட்டால் சுட்டது. இத்தனை வருடமும் சாம்பிராணிப் புகையில் அதன் வாடை எனக்குத் தெரியவில்லை.

தடையைச் சேர்த்து மின்னோட்டத்தைக் குறைத்தால் பேட்டரி நீடிக்கும். அது எனக்கும் தெரியும். அதை ஏன் ஒளித்துச் செய்தாய்? திருடனைப் பிடித்தவன் போல மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அண்ணன்கிட்ட நான்தான் கேட்டேன்" என்றாள். "லைட்டு அணைஞ்சு வந்தன்னைக்கு என்னைப் பார்த்தீங்களே, செத்துப் போனவளைப் பார்க்கிற மாதிரி. இன்னொரு தடவை அந்தப் பார்வையைத் தாங்க மாட்டேன் அண்ணேன்னு அழுதேன். அதுக்கு அவரு, மங்கலா எரிஞ்சாலும் அணையாதும்மா, அவன்கிட்ட மட்டும் சொல்லாதன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லக்கூடாதாம்?"

"அணையாம எரிஞ்சது சாமி செயல்னு நீங்க நம்பணும்னாரு."

கூட்டுக் களவாணிகள்! எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு காவடிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இன்னும் எதையெல்லாம் சேர்ந்து மறைத்தீர்களோ, அவளைக் கேட்டால் சிரிக்கிறாள்.

ரெசிஸ்டரைக் கழற்றவில்லை. நீ கட்டிய இடத்திலேயே இருக்கட்டும் என்று மயிலிறகை மூடிவிட்டேன். நாளை படியேறும்போது அந்தச் சூடு என் இடது தோளுக்குப் பக்கத்திலேயே வரும். காவடி ஏன் மங்கலாக எரிகிறது என்று யாராவது கேட்டால், எல்லாம் ஒரே கடை சாமான்தான் லா என்று சொல்லிவிடுவேன். பின்பக்கம் யாரையும் விடமாட்டேன்.